தொழிலாளரின் துணைவர் திரு. வி. க.



மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைச் சங்கத்தைப் பற்றி நீர் கேள்விப்பட்டிருப்பீர். கல்வராயன் மலையிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போகிறவர்களுக்கோ அப்படியொரு துணை இல்லை. சென்னைப் பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தவர்களின் நிலையும் ஒரு காலத்தில் அதுவே. நடுப்பகலில் சோறு தின்ன அரைமணி நேரம்தான் கிடைக்கும். கைகழுவி உட்காருவதற்குள் சங்கு ஊதிவிடும்.

அவர்களுக்காக முன்வந்தவர்களில் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். 1883-ம் வருஷம் துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். 1917-ல் அந்த உத்தியோகத்தை விட்டு "தேசபக்தன்" பத்திரிகைக்கு ஆசிரியரானார். மாதச் சம்பளத்தை விட்டுப் பத்திரிகைக்குப் போவது அன்றும் புத்திசாலித்தனமாகத் தோன்றியிராது!

ஆலையருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் தொழிலாளரின் குறைகளைக் கேட்டு மனம் நொந்தவர்கள். அவர்களுடைய முயற்சியால் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவர், நம்மவர் உபதலைவர். வாடியா ஆங்கிலத்தில் வாதாட, இவர் தொழிலாளருக்குப் புரியும் தமிழில் பேசினார். அடுத்த வருஷம் வாடியா அமெரிக்காவுக்குச் சென்று, வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழில் மாநாட்டில் கலந்துகொண்டார். அதே அமெரிக்காவில் தொழிலாளர் சங்கத்தைக் கண்டனம் செய்யலாகாதென்று கர்தினால் கிப்பன்ஸ் 1887-ல் உரோமையிடம் மன்றாடியதையும், பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் தொழிலாளருக்காக நிருபம் எழுதியதையும் இங்கே நினைத்துக்கொள்ளும்.

பிறகு வந்தது சோதனை. கம்பெனி வழக்குத் தொடுத்தது, வாடியா விலகினார், பாரம் திரு. வி. க.வின் தோளில் விழுந்தது. 1921-ல் பல மாதம் ஆலைகளில் வேலைநிறுத்தம். கவர்னர் வில்லிங்டன் பிரபு நாடுகடத்துவதாக எச்சரித்தும் அவர் பின்வாங்கவில்லை. ஆனால் சங்கத்தை முறித்தது கவர்னரல்ல, சாதி. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. திரும்பினவர்களைத் துரோகிகள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. ஆலைக்குள் தோளோடு தோள் நின்றவர்களை வெளியே சேரிக்கு அப்பால் நிறுத்தியவர்கள், பட்டினி கிடக்க மட்டும் உடன் வரச் சொன்னால் எப்படி? இப்பிளவினால் திரு. வி. க. மனமுடைந்தார். வேலைநிறுத்தம் தோற்றது, ஆனால் சங்கம் அழியவில்லை. வாடியா மேல் போட்ட வழக்கு எழுப்பிய கேள்விக்கு 1926-ல் தொழிற்சங்கச் சட்டமே விடையாக வந்தது.

1918-க்குள்ளேயே மனைவியையும் இரு குழந்தைகளையும் பறிகொடுத்தவர் அவர், மறுமணம் செய்யவில்லை. சைவர், ஆயினும் நம் ஆண்டவர்மேல் பக்தியோடு "கிறிஸ்துவின் அருள் வேட்டல்" என்றொரு செய்யுள் நூல் இயற்றினார். சுதந்திரம் வந்த 1947-லும் ஆலைத் தொழிலாளருக்காக நின்றதால், சொந்த நாட்டு அரசாங்கமே அவரை வீட்டுக்காவலில் வைத்தது. அப்போது வயது அறுபத்து மூன்றைத் தாண்டியிருந்தது. கடைசி வருஷங்களில் கண்பார்வை போய்விட்டது; அவர் சொல்ல, மற்றவர் எழுதினார்கள். 1953 செப்டம்பர் 17-ல் காலமானபோது அவருக்குச் சொந்த வீடு இல்லை.