வானொலி கண்டெடுத்த குரல்

என் பாட்டிக்கு மலாய்மொழியில் ஒரு வரிகூட எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் வானொலியில் 'கெத்தாரான் ஜீவா' ஒலித்தால் போதும், நறுக்கிக்கொண்டிருக்கும் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுக் கூடவே பாடுவார். பி. ரம்லி என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவரிடம்தான். அந்த மாபெரும் கலைஞர் பிறந்த வீடு ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டிலிருந்து வெகு தூரமில்லை. இருந்தும், படிப்பதற்காக ஊரைவிட்டு வந்த பிறகு ஒரு விடுமுறையில்தான் அதைப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றியது.

அவர் பெயரையே தாங்கிய சாலையில், தூண்கள்மேல் நிற்கும் எளிய பலகை வீடு அது. 1926-இல் அவருடைய தந்தையும் சிற்றப்பாவும் கட்டியது. தந்தை தெயுக்கு ஞா பூத்தே, அச்சே நாட்டிலிருந்து வந்தவர். தாயார் செ மா எதிர்க்கரையான செபராங் பிறையைச் சேர்ந்தவர். 1929 மார்ச் 22-இல் பிறந்த மகனுக்கு இட்ட பெயர் தெயுக்கு சக்காரியா. பின்னாளில் தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொண்டுதான் 'பி. ரம்லி' ஆனார்.

அவருக்கு ஐந்து வயதானபோது, 1934-இல், பினாங்கு வயர்லெஸ் சங்கம் இசட்.எச்.ஜே. என்ற அழைப்புக் குறியோடு ஒலிபரப்பைத் தொடங்கியது. இலண்டன் பி.பி.சி. தன் பேரரசுச் சேவையைத் தொடங்கியே அப்போது இரண்டாண்டுகள்கூட ஆகவில்லை. நம் தீவிலோ ஆர்வலர்கள் சிலர் ஒன்றுகூடி மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் நிகழ்ச்சிகளைக் காற்றில் ஏற்றினார்கள்! மாலை நேரத்துப் பாட்டு வீடு தேடி வந்தது. வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் வசதி படைத்த சிலரே. ஆனால் சுவர்கள் பலகைச் சுவர்கள்தாமே! பக்கத்து வீட்டுக்காரர் காதையும் சேர்த்தல்லவா அது நிறைத்திருக்கும்?

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த ரம்லியின் படிப்பை ஜப்பானியப் படையெடுப்பு குலைத்தது. ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஜப்பானியப் பாடல்களையும் பாடக் கற்றார். பிறகு பேண்டு வாத்தியக் குழுத் தலைவர் கமாருடினிடம் இசை பயின்றார். போர் முடிந்து வானொலி மீண்டும் உயிர் பெற்றதும் பினாங்கில் பாட்டுப் போட்டி நடந்தது. ரம்லி கலந்துகொண்டார். 1945-இல் மூன்றாம் பரிசு. அடுத்த ஆண்டு இரண்டாம் பரிசு. 1947-இல்தான் முதல் பரிசு. வட மலாயாவின் நட்சத்திரப் பாடகர் என்ற பட்டமும் வந்தது. இந்த மூன்றாண்டுக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூன்றாம் இடம் வந்தவன் மறுபடி அதே ஒலிவாங்கியின் முன் போய் நிற்க வேண்டுமானால் நெஞ்சில் உரம் வேண்டும். நானாக இருந்தால் நடுவர்களைத் திட்டிவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பேன்.

1948 ஜூன் முதல் நாள் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த விழாவில் அவர் பாடியதைத் திரைப்பட இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் கேட்டார். ஆகஸ்டில் ரம்லி சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் இருந்தார். ஆனால் முதல் படமான 'சிந்தா'வில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேடம். கதாநாயகன் ரூமாய் நூருக்குப் பின்னணிக் குரலும் அவரே. குரல் இவருடையது, திரையில் வாயசைத்த முகம் வேறொருவருடையது. வானொலியில் வென்ற குரலைத்தான் ஸ்டூடியோ வாங்கியது. அந்த முகத்தை அல்ல என்றே எனக்குப் படுகிறது.

முகத்தையும் குரலையும் ஒன்றுசேர்த்தவர் யார்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல். கிருஷ்ணன். சென்னை மாகாணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர். 1950-இல் தமது முதல் படமான 'பக்தி'யை இயக்கியபோது ரம்லியைக் கதாநாயகனாக்கி, அவர் பாட்டை அவரையே பாட வைத்தார். பினாங்குக்காரர் ஒருவரைப் பினாங்குக்காரர் ஒருவர் கண்டுகொண்டார் என்று பெருமைப்பட எனக்கு உரிமை உண்டல்லவா?

அதன் பிறகு நடந்தது ஊரறிந்தது. 1955-இல் 'பெனாரிக் பெச்சா'வின் மூலம் இயக்குநரானார். 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தை, மகன் இருவராகவும் நடித்து 1957-இல் தோக்கியோவில் ஆசியத் திரைப்பட விழாவின் சிறந்த நடிகர் விருதை வென்றார். 60-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 30-க்கும் மேற்பட்டவற்றை இயக்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார்.

1964-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு வந்த பிறகு சரிவு. வசதி குறைந்த நிலையம், கறுப்பு வெள்ளைப் படங்கள். இரசிகர்களோ வண்ணப் படங்களையும் 'பாப் யே யே' பாடல்களையும் தேடிப் போனார்கள். புதிய பாடல்களுக்கும் முன்போல வரவேற்பில்லை. 1973 மே 29 அதிகாலை மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 44. 'தான் ஸ்ரீ' விருது 1990-இல், இறந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்தது.

அந்தப் பலகை வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை, பாட்டியிடம் எல். கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. "நம்ம ஆளா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.