நாவலர் சரித்திரத்திலே மெய்யும் புனைவும்

நல்லை நகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களுடைய குருபூசை தினத்திலே நமது சைவ வித்தியாசாலைகளில் மாணாக்கர் பலர் அவர் சரித்திரத்தைப் பேசக் கேட்கின்றோம். அப்பேச்சுக்களில் மெய்யோடு புனைவும் விரவி வருகின்றது. பெரியோர் ஒருவருக்கு இல்லாத புகழை ஏற்றிச் சொல்லுதல் பக்தியின் மிகுதியால் நேர்வதேயாயினும், அதனால் விளையுந் தீங்கு சிறிதன்று. உபாத்தியாயர் சொல்லியதைப் பிள்ளை ஐயமின்றி நம்பும். பின்னர் வளர்ந்து நூல்களை ஆராயுங்கால் அவற்றுள் ஒன்று பொய்யென்று காணுமாயின், மெய்யாய் உள்ள ஒன்பதையும் ஐயுறும். ஆதலால் இச்சரித்திரத்தை உள்ளவாறு அறிதல் உபாத்தியாயர்களுக்கு இன்றியமையாத கடமையாகும்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் தேதி நல்லூரிலே கந்தருக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய் அவதரித்தார். பிள்ளைத்திருநாமம் ஆறுமுகம் என்பது. தமிழை இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் கற்றார். ஆங்கிலத்தை வெஸ்லியன் மிஷனாருடைய பாடசாலையிலே கற்று, பின் அங்கேயே உபாத்தியாயருமாயினார். இதனைக் கொண்டு, அவர் இளமையிலே கிறிஸ்து சமயஞ் சார்ந்து பின்பு சைவத்துக்கு மீண்டார் என்று சிலர் கூறுவர். அது சிறிதும் உண்மையன்று. அவர் ஞானஸ்நானம் பெற்றவரல்லர். விபூதி தரித்த சைவராகவே அங்கே கற்றார், சைவராகவே கற்பித்தார்.

இனி, யாவரும் அறிந்த கதை ஒன்று உண்டு. விவிலிய நூலை முதன்முதல் தமிழிலே மொழிபெயர்த்தவர் நாவலரே என்பதும், இன்று தமிழ்க் கிறிஸ்தவர் ஓதுவது அம்மொழிபெயர்ப்பே என்பதும் அக்கதை. இவ்விரண்டும் பிழை. சீகன்பால்கு பாதிரியார் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலே 1715ஆம் ஆண்டளவில் அச்சாயிற்று. நாவலர் பிறந்தது அதற்கு நூறாண்டின் பின்னரேயாம். யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பை முன்னின்று நடத்தியவர் பேர்சிவல் பாதிரியார். நாவலர் அவருக்குத் துணைநின்ற தமிழ்ப் பண்டிதர். அப்பதிப்பு 1850ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆயினும் அது எங்கும் நிலைபெறவில்லை. பவர் பாதிரியார் முதலியோர் கூடித் திருத்தி 1871ஆம் ஆண்டளவில் முடித்த வேறொரு மொழிபெயர்ப்பே சபைகளிற் பெருவழக்காயிற்று. பிறர் நூலுக்குத் தமிழ் உதவியமையைப் பெரும்புகழாகக் கூறுவோர், அப்பணியிலிருந்து நாவலர் கற்றுக்கொண்டதை மறந்துவிடுகின்றனர். மிஷனார் எவ்வாறு பள்ளி அமைத்தனர், எவ்வாறு நூல் அச்சிட்டுப் பரப்பினர், எவ்வாறு வாரந்தோறும் பிரசங்கித்தனர் என்பவற்றை அவர் அருகிருந்து கண்டார். கண்டதனைச் சைவத்தின் பொருட்டுக் கையாண்டார்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் தேதி வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. 1848ஆம் ஆண்டு வேதனம் வந்த உத்தியோகத்தைத் துறந்து, அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1849ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னைக்குச் சென்றார். அப்பயணத்திலே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருடைய பிரசங்க வன்மையைக் கண்டு நாவலர் என்னும் பட்டத்தைச் சூட்டினர்.

தமிழ் நூலை முதலில் அச்சேற்றியவர் அவரே என்பது மற்றொரு புனைவு. தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூல் 1578ஆம் ஆண்டே கொல்லத்தில் அச்சிடப்பட்டது. திருக்குறள் 1812ஆம் ஆண்டு அச்சேறியது. யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மிஷனாருடைய உதயதாரகைப் பத்திரிகை 1841ஆம் ஆண்டிலே தொடங்கிவிட்டது. அவ்வாறாயின் நாவலர் செய்தது யாது எனின், கூறுதும். ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கிப் பிழைகளைந்து அச்சிட்டார். குறியீடுகள் இட்டு, யாவரும் வாசித்து உணரத்தக்க வசனத்தை எழுதினார். 1852ஆம் ஆண்டு பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். சிறுபிள்ளைகளுக்குப் படிமுறையாகப் பாலபாடங்களை இயற்றினார். முதல்வர் என்னும் பெயரினும் பிழையற்றவர் என்னும் பெயரே பதிப்பாசிரியர்க்குச் சிறப்பாம்.

நாவலர் ஆங்கிலக் கல்வியை வெறுத்தவர் என்பாரும் உளர். சைவப் பிள்ளைகள் ஆங்கிலங் கற்கும்பொருட்டுப் பிறசமயப் பாடசாலைகளை அடைந்து தம் சமயத்தை இழத்தலையே அவர் வெறுத்தார். அதனாலன்றோ 1872ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார்? அது பொருண்முட்டினாற் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. நின்றதற்குக் காரணம் நாவலருடைய வெறுப்பன்று; கொடுக்கத்தக்கோர் கொடாமையேயாம்.

இவை ஒருபுறம் இருக்க, அவரைச் சாதி வேற்றுமை களைந்த சீர்திருத்தக்காரர் என்று புகழும் வழக்கமும் சில மேடைகளில் உண்டு. இதுவும் மெய்யன்று. அவர் சாதியாசாரத்தை ஏற்றுத் தம்முடைய நூல்களிலே விதித்தவர். அவ்விதிகள் பலரை வித்தியாசாலைக்கும் ஆலயத்துக்கும் புறம்பாக்கிய வழக்கத்துக்குத் துணைநின்றன என்பதை மறைத்தல் தகாது. அவ்விதிகளை இன்று நாம் ஏற்கின்றிலேம். நம் வகுப்பிலே இருக்கும் பிள்ளைகளுட் பலர் அக்காலத்திற் கதவடைக்கப்பட்டோருடைய சந்ததியார் ஆவர். அவர்முன் இதனைத் திரித்துக் கூறுதல் அவர்க்குச் செய்யும் இரண்டாம் அநீதியாகும். குற்றமுங் குணமும் நாடிக் கூறும் உபாத்தியாயரையே அப்பிள்ளைகள் நம்புவர்.

குணமோ மிகுதியும் உண்டு. அவர் இல்வாழ்க்கையை மேற்கொள்ளாது, தம் காலத்தையும் உழைப்பையும் கல்விக்கே ஆக்கினார். 1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் வித்தியாசாலை நிறுவினார். 1877ஆம் ஆண்டின் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு அன்னம் அளித்தார். 1879ஆம் ஆண்டு சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் செல்லும்படி முயன்றார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆந் தேதி சிவபதமடைந்தார்.

ஐம்பத்தேழு ஆண்டு நிரம்பாத வாழ்விலே ஒருவர் இத்துணை செய்தமை போதாதா? பாடசாலையும் அச்சுக்கூடமும் பிழையற்ற நூலும் பிறரும் முயன்றாற் செய்யத்தக்கன. ஆதலால் மாணாக்கர் பின்பற்றத்தக்கன. புனைகதையோ வியத்தற்கே உரியது; பின்பற்றுதற்கு உரியதன்று. ஏட்டிலே ஓரெழுத்துப் பிழைப்பினும் பொறாத அவருடைய சரித்திரத்தைப் பிழைபடச் சொல்லுதல் அவருக்குச் செய்யும் வழிபாடு ஆகுமா? வரும் குருபூசையிலே மாணாக்கருக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் உபாத்தியாயர்கள், ஒவ்வொரு செய்தியையும் ஆண்டோடு ஆராய்ந்து தெளிந்து எழுதிக் கொடுப்பார்களாக.