தோட்ட ஜனங்களுக்காக எழுந்து நின்ற வக்கீல்



நம்ம நீலகிரியிலே குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் டான்டீ லைன் வீடுகளைப் பார்க்கலாம். அந்த லைன்களிலிருந்து எழும்பிய குடும்பங்கள் நம்ம சபைகளிலே அநேகம். சர்க்கார் காகிதத்திலே அவர்களுக்குப் பெயர் தாயகம் திரும்பியோர். ஊர் வாயிலே சிலோன்காரங்க. அவங்க தாத்தா பாட்டிமார் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளை விட்டு ஏன் கப்பலேறினாங்க என்று இன்றைய வாலிபப் பிள்ளைகள் அநேகருக்குத் தெரியாது. அந்த ஜனங்களுக்காக எழுந்து நின்ற ஒரு கிறிஸ்தவனுடைய ஜீவியத்தை இந்த மாதம் தியானிப்போம். அவர் பெயர் எஸ். ஜே. வி. செல்வநாயகம்.

1898 மார்ச் 31-ந் தேதி மலாயாவிலே ஈப்போ பட்டணத்தில் பிறந்தார். சிறு பிள்ளையாயிருக்கையிலேயே குடும்பம் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டது. 1816-லேயே அமெரிக்க மிஷனெரிகள் வந்து பள்ளிக்கூடம் வைத்த ஊர் அது. அங்கேயும், பிறகு கொழும்பிலும் படித்தார். பட்டம் வாங்கி, வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து, 1923-ல் வக்கீலானார். சிவில் வழக்கு என்றால் கொழும்பிலே அவருக்கு நல்ல பெயர். மெல்லிய சரீரம், அதைவிட மெல்லிய குரல். மேடையிலே முழங்குகிற ஆள் அல்ல. மோசேயும் வாக்குவல்லவன் அல்லவே!

1947-ல் காங்கேசன்துறைத் தொகுதியிலே ஜெயித்துப் பார்லிமெண்டுக்குப் போனார். அப்போது வயது 49. மறு வருஷம் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது. தேசமே சந்தோஷப்பட்ட அந்த 1948-லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிலே பிறந்தவன் ஆனாலும், தகப்பன் அங்கே பிறந்தான் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். லைன் காம்பிராவிலே பிறந்தவனுக்குப் பிறப்புச் சீட்டு எங்கே இருக்கும், சொல்லுங்க! காப்பிக் காலம் தொட்டு, நூறு வருஷத்துக்கு மேலாக அந்த மலையை வெட்டித் திருத்தின ஜனத்திலே சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தாலே நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-ல் ஓட்டும் போயிற்று. கள்ளத்தோணி என்று ஏசப்பட்டார்கள்.

இங்கேதான் பிரியமானவர்களே, நாம் கவனிக்க வேண்டிய காரியம். செல்வநாயகம் யாழ்ப்பாணத்தார். அந்தச் சட்டம் அவரைத் தொடவே இல்லை. அவர் குடியுரிமை பத்திரம், பதவி பத்திரம். யாழ்ப்பாணத்தாரிலே அநேகர் தோட்ட ஜனங்களைத் தூரத்தில் வைத்துப் பார்த்த காலம் அது. அவருடைய கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தோடு சேர்ந்து மந்திரியானார். இவரும் கூடப் போயிருக்கலாம், போகவில்லை. பலவீனனுடைய உரிமையை இன்றைக்கு எடுக்கிறவன் நாளைக்கு மற்றவனுடைய வாசலுக்கும் வருவான் என்று கண்டு, எதிர்த்து நின்றார். 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலிலே தோற்றார். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் பயந்தபடியே ஆயிற்று. 1956-ல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. இந்தத் தடவை யாழ்ப்பாணத்தாருக்கும் மட்டக்களப்பாருக்கும் அடி. செல்வநாயகமும் கூட்டாளிகளும் கொழும்பு காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள். கூட்டம் வந்து அவர்களை அடித்தது. அவர்கள் திருப்பி அடிக்கவில்லை.

1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒரு ஒப்பந்தம் செய்தார். வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குப் பிரதேச சபைகள், அங்கே நிர்வாகம் தமிழிலே. தோட்ட ஜனங்களுடைய குடியுரிமையைக் குறித்துச் சீக்கிரம் யோசிக்கிறதாகவும் பிரதமர் அதிலே வாக்குக் கொடுத்தார். ஆனால் 1958 ஏப்ரலிலே பிட்சுமார் பிரதமர் வீட்டு முன்னே உட்கார்ந்ததும் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே கலவரம், வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. 1965-ல் டட்லி சேனநாயக்காவோடு இன்னொரு ஒப்பந்தம் செய்தார். அதுவும் நிறைவேறவில்லை.

வேதத்திலே கிபியோனியரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். யோசுவா அவர்களோடு உடன்படிக்கை செய்தான். வெகுகாலத்துக்குப் பின் சவுல் அதை மீறினான். பஞ்சம் வந்ததோ தாவீதின் நாட்களிலே, மூன்று வருஷம் (2 சாமுவேல் 21). வாக்கை முறிக்கிறவன் ஒருவன், விலை கொடுக்கிறது பின்வருகிற சந்ததி. தேசங்களுடைய சரித்திரத்திலும் இதைத்தான் பார்க்கிறோம்.

இதற்கு நடுவிலே 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைக் குறித்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிலே கப்பலேறி ராமேஸ்வரத்திலே இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார்கள். 1968-ல் அவர்களுக்காகவே நம்ம மாவட்டத்திலே அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. அதுதான் பிறகு டான்டீ ஆயிற்று. அங்கே பறித்த அதே கொழுந்தை இங்கேயும் பறித்தார்கள்.

செல்வநாயகத்துக்கோ வயதாயிற்று. நடுக்க வியாதி வந்தது, காதும் மந்தமாயிற்று. 1972-ல் வந்த புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்துப் பதவியை ராஜினாமா செய்தார். 1975 இடைத்தேர்தலிலே அதே தொகுதியிலே பெரிய வெற்றி பெற்றார். அங்கே ஓட்டுப் போட்டவர்களிலே பெரும்பாலோர் சைவர்கள். அவரோ கடைசிவரை கிறிஸ்தவர். ஆனாலும் தந்தை செல்வா என்றே அழைத்தார்கள். மேடைப் பிரசங்கத்தால் அல்ல, சொன்ன சொல் மாறாததால் வந்த மரியாதை அது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையிலே, இனித் தனிநாடுதான் வழி என்று அவர் தலைமையிலே தீர்மானம் போட்டார்கள். கால் நூற்றாண்டாக ஒரே நாட்டுக்குள்ளே சேர்ந்து வாழ வழி கேட்ட மனுஷன் கடைசியிலே அந்த இடத்துக்குத் தள்ளப்பட்டார். 1977 ஏப்ரல் 26-ந் தேதி காலமானார்.

அவர் ஆயுதத்தைத் தொடவில்லை. ஆனால் அவர் கேட்டது கிடைக்காததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தொட்டார்கள். 1983 ஜூலையிலே மூண்ட யுத்தம் 2009 மே மாதம்வரை ஓடிற்று. சிங்களத் தாயும் அழுதாள், தமிழ்த் தாயும் அழுதாள். கலவரங்களுக்குத் தப்பித் தேயிலை மலையிலிருந்து வன்னிக்குப் போன ஜனங்களும் அந்த நெருப்பிலே அகப்பட்டார்கள். காகிதத்திலே முடித்திருக்க வேண்டிய காரியம் கல்லறையிலே முடிந்தது. அங்கேயே தங்கிவிட்ட நாடற்ற தோட்ட ஜனங்களுக்கு 2003-ல் போட்ட சட்டத்தாலே குடியுரிமை கிடைத்தது. எடுத்தது 1948, கொடுத்தது 2003. எண்ணிப் பாருங்கள், 55 வருஷம்! யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களோ இன்னமும் நம்ம தமிழ்நாட்டு முகாம்களிலே குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் உண்டு.

சபைப் பத்திரிகையிலே அரசியல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்நியனை உங்களில் பிறந்தவனைப்போல எண்ணச் சொன்னது கட்சிக்காரன் அல்ல, கர்த்தர் (லேவியராகமம் 19:34). இன்றைக்கு நம்ம எஸ்டேட்டுகளிலே கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவங்க பிள்ளைகள் நாம் குடியிருந்த அதே லைன்களிலே இருக்கிறார்கள். அவங்களை வந்தேறி என்று சொல்ல நமக்கு வாய் வரலாமா? அவங்க பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலே சேர்க்க, ஒரு சர்ட்டிபிகேட் வாங்கித் தர, ஆஸ்பத்திரியிலே மொழி தெரியாமல் நிற்கும்போது கூட நிற்க நம்மாலே முடியும். தன்னைத் தொடாத சட்டத்துக்கு எதிராக ஒருவர் நம்ம முன்னோருக்காக எழுந்து நின்றார். நம்மைத் தொடாத கஷ்டத்திலே பிறனுக்காக நிற்கிறது இப்போது நம்ம முறை.

கர்த்தர் தாமே அதற்கான கிருபையைத் தருவாராக. ஆமென்.