யாருக்கும் கதவடைக்காத கார்த்திகேசு அம்மா

கார்த்திகேசு என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலர் அவரைத் தமிழ்ப் பெண் என்றே எண்ணிவிடுகிறோம். அது கணவர் பெயர். சிபில் அம்மையார் 1899ல் சுமத்திராவின் மேடானில், ஐரிஷ் கலப்புள்ள யுரேசியக் குடும்பத்தில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயின்றவர். 1919ல் கோலாலம்பூரில், இலங்கைத் தமிழர் வழிவந்த டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவைக் கைப்பிடித்தார்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் இருவரும் கிளினிக் நடத்தினார்கள. சீனர்கள் வந்தால் அம்மையார் கண்டனீஸ் பாஷையிலேயே விசாரிப்பார். சீக்காளி தன் நோவைத் தன் பாஷையில் சொல்ல முடிந்தாலே பாதி பயம் போய்விடும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் முன்னால் நின்ற நமக்கு இது தெரியாததா?

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ஈப்போவில் குண்டு போட்டான். குடும்பம் பக்கத்திலிருந்த பாப்பான் என்னும் ஈயச் சுரங்க ஊருக்குப் போனது. அங்கே ஒரு கடைவீட்டில் வைத்தியம் தொடர்ந்தது.

அது எப்பேர்ப்பட்ட காலம்! நம்ம ஆளுங்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். லயத்தில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. மருந்து கிடைப்பதே அரிது. அந்த நாளில்தான் காட்டுக்குள் ஜப்பானியரை எதிர்த்துப் போராடியவர்கள், காயத்தோடும் காய்ச்சலோடும் இரகசியமாக அம்மையார் வீட்டுக்கு வந்தார்கள். கம்யூனிஸ்டுகள் தலைமையிலான படை அது. கடவுளே இல்லை என்ற கட்சி. அம்மையாரோ செபமாலையை விடாத கத்தோலிக்கர். காயத்துக்குக் கட்டுப் போட இந்த வித்தியாசம் குறுக்கே வரவில்லை. பிடிபட்டால் தலை போகும் என்று தெரிந்தேதான் கதவைத் திறந்தார். வீட்டில் வானொலியை ஒளித்து வைத்து பிபிசி செய்தியும் கேட்டார்கள்.

1943ல் கெம்பெத்தாய் போலீஸ் பிடித்துக்கொண்டது. கணவரும் வளர்ப்பு மகனும் சிக்கினார்கள். வந்தவர்களின் பெயரைச் சொல் என்று அடித்தார்கள், நகத்தைப் பிடுங்கினார்கள். சொல்லவில்லை. கடைக்குட்டி மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, தாயைப் பார்க்க வைத்தார்கள். அப்போதும் வாய் திறக்கவில்லை. அங்கு வந்த ஒரு ஜப்பானிய அதிகாரி தடுத்ததால் பிள்ளை தப்பியது. பெற்ற தாய் இப்படி இருக்கலாமா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. அவர் பெயர் சொல்லியிருந்தால் எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் செத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

1945ல் பத்து காஜா சிறையிலிருந்து வெளியே வந்தபோது முதுகெலும்பு சிதைந்து, நடக்க முடியாதவராக இருந்தார். சிகிச்சைக்கு இங்கிலாந்து கொண்டுபோனார்கள். அங்கே வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. உடம்பு தேறவில்லை. 1948 ஜூன் 12ல் காலமானார். முதலில் ஸ்காட்லாந்தில் புதைத்தார்கள். 1949ல் உடலை ஈப்போவுக்கே கொண்டுவந்தார்கள்.

தோட்டம் துண்டாடப்பட்டு ஈப்போவுக்குக் குடிவந்த நம் குடும்பங்கள் பல. ஃபேர் பார்க்கில் அம்மையார் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பழைய புரூஸ்டர் சாலை இன்று ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. அங்கே செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில்தான் அவர் உறங்குகிறார்.