நா எழாத வழக்கறிஞர்

பின்னாளில் கோடிக்கணக்கானோர் செவிமடுத்த காந்தியடிகளுக்கு இளமையில் நான்கு பேர் நடுவே எழுந்து நிற்பதே பெரும் சோதனையாக இருந்தது.

1888-இல் சட்டம் பயில லண்டன் சென்றவர், அங்கே மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். கூட்டம் தவறாமல் வருவார். ஆனால் வாய் திறக்கமாட்டார். ஒருமுறை டாக்டர் ஆலின்சன் என்ற உறுப்பினரைச் சங்கத்திலிருந்து நீக்கத் தலைவர் ஹில்ஸ் முனைந்தார். செயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாட்டை ஆலின்சன் ஆதரித்ததே காரணம். அந்தக் கொள்கை காந்திக்கும் ஏற்புடையதன்று. ஆயினும், மரக்கறி உணவைப் பரப்பும் சங்கம் வேறொரு கருத்துக்காக ஒருவரை வெளியேற்றுவது நியாயமாகாது என்று அவருக்குத் தோன்றியது. தம் கருத்தை எழுதிக்கொண்டு போனார். எழுந்து படிக்கத் துணிவு வரவில்லை, வேறொருவர்தாம் படித்தார். ஆலின்சன் தரப்பு தோற்றது. பேச்சு வரவில்லை என்பதற்காக, தமக்கு உடன்பாடில்லாதவருக்கும் நியாயம் கேட்கும் கடமையை அவர் கைவிடவில்லை. நாவன்மையினும் இது அரிது அன்றோ!

1891-இல் தாயகம் திரும்பியபின் பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு; கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுழன்றது, ஒரு கேள்வியும் எழவில்லை. வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

அப்படிப்பட்டவரின் நாவை அவிழ்த்தது எது? 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். அவருடைய முதல் பொதுச் சொற்பொழிவு என்று சொல்லத்தக்கது அதுவே. கேட்டவர்களுள் பெரும்பாலோர் வணிகர்கள். அவர் எடுத்துக்கொண்ட பொருளோ வணிகத்தில் வாய்மை! வாணிபத்தில் உண்மை செல்லாது என்று எண்ணியவர்களிடமே, அயல்நாட்டில் சிலருடைய நடத்தையைக் கொண்டே தாய்நாடு முழுவதும் மதிக்கப்படும் என்பதை எடுத்துரைத்தார். பொருளை நன்கு ஆய்ந்து சென்றிருந்தார். கேட்போருக்கு அது தேவை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லோடு நிற்கவுமில்லை. ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தாமே கற்பிப்பதாகக் கூறினார். முடிதிருத்துபவர், எழுத்தர், சிறுகடைக்காரர் என மூவர் முன்வந்தனர். அவர்கள் வசதிப்படி அவர்கள் இடத்திற்கே சென்று பாடம் சொன்னார்.

இதனால் குறை முற்றும் நீங்கிவிட்டது என்று எண்ணவேண்டாம். 1896-இல் பம்பாயில் பெருங்கூட்டம். தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரைப் பற்றி எழுதி வைத்திருந்த உரையைப் படிக்கத் தொடங்கினார், குரல் எட்டவில்லை. உரக்கப் படிக்குமாறு பெரோஸ்ஷா மேத்தா ஊக்கினார். குரலோ மேலும் தாழ்ந்தது. இறுதியில் தின்ஷா வாச்சா வாங்கிப் படித்தார். அரங்கம் அமைதியாகக் கேட்டது. படித்த குரல் மற்றவருடையதாயினும், ஆராய்ந்து திரட்டிய செய்தி காந்தியுடையது.

கூச்சமே தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்பித்தது என்று பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தார். அவசியமானதைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவார்.

1947 நவம்பர் 12, தீபாவளி நாள். குருக்ஷேத்திர முகாமில் வீடிழந்து தவித்த அகதிகளை அவரால் நேரில் சென்று காண இயலவில்லை. டில்லி வானொலி நிலையத்திற்குச் சென்று, ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, அதே தாழ்ந்த குரலில் அவர்களோடு பேசினார்.