விண்மீன்களின் வெப்பம் அறிந்தவர்

நுழையும்முன்

திண்மம், நீர்மம், வளிமம் என்னும் மூன்று நிலைகளைக் கடந்து, பருப்பொருளுக்கு நான்காவது நிலை ஒன்றும் உண்டு. அதுவே பிளாஸ்மா. சூரியனும் விண்மீன்களும் அந்நிலையில்தான் ஒளிர்கின்றன. வானத்து மின்னலும் நம் வீட்டுக் குழல்விளக்கின் உள்ளே எழும் ஒளியும் அந்நிலையின் வெளிப்பாடுகளே. சூடேறிய வளிமம் ஒன்று எவ்வளவு தூரம் அந்நிலையை அடைந்திருக்கிறது என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை உலகுக்கு அளித்தவர், சிற்றூர்க் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த மேகநாத் சாகா. அவர்தம் வாழ்வை இப்பாடத்தில் காண்போம்.

வறுமையில் பிறந்த அறிவு

மேகநாத் சாகா 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தில் டாக்காவுக்கு அருகிலுள்ள சியோராதலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஜகன்னாத் சாகா சிறிய மளிகைக்கடை நடத்தி வந்தார். தாயார் புவனேசுவரி தேவி. குழந்தைகள் எண்மரில் மேகநாத் ஐந்தாமவர். தொடக்கக் கல்வி முடிந்ததும் மகனைக் கடையில் அமர்த்தவே தந்தை எண்ணினார். மூத்த தமையன் ஜெயநாத் குறுக்கிட்டுத் தம்பியின் படிப்புக்கு வழி தேடினார். பல கல் தொலைவிலிருந்த சிமுலியாவில் அனந்தகுமார் தாசு என்னும் மருத்துவர் தம் இல்லத்தில் சிறுவனுக்கு உணவும் உறைவிடமும் தந்தார். உண்ட கலத்தைத் தானே கழுவுவதும் மாட்டைப் பேணுவதும் சிறுவனின் கடமைகளாயின. அவ்வாறு பயின்றே மாவட்ட அளவில் முதலிடம் பெற்று உதவித்தொகைக்கு உரியவரானார்.

1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். வங்கப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சி கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. ஆளுநர் பள்ளிக்கு வருகை தந்தபோது எதிர்ப்பைக் காட்டிய மாணவர்களுள் சாகாவும் ஒருவர். அதன் விளைவாகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோனது. வேறொரு தனியார் பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. சணல் நிறுவனத்தில் பணியாற்றிய தமையன், தம் மாத ஊதியமான 20 ரூபாயில் 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பி வந்தார். அந்த ஐந்து ரூபாயே பின்னாளில் பேரறிஞர் ஒருவரை இந்தியாவுக்கு ஈந்தது எனலாம்.

கொல்கத்தா நாள்கள்

1911இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். சத்தியேந்திரநாத் போசு உடன் பயின்றார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்களாக வாய்த்தனர். அறிவுக்குத் தடையிடாத அந்நகரம் சாதியால் தடையிட்டது. தாழ்ந்த குலத்தவர் எனக் கருதி, விடுதி மாணவர் சிலர் அவருடன் ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். அந்த வடு அவர் நெஞ்சில் இறுதிவரை மாறவில்லை. சமத்துவத்தின்மீது அவர் கொண்ட பற்றுக்கு அதுவும் ஒரு வித்தாயிற்று.

1915இல் பயன்முறைக் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். புரட்சியாளர்களோடு தொடர்புடையவர் என்னும் ஐயத்தால் அரசின் நிதிப்பணித் தேர்வெழுத அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. மிதிவண்டியில் நகரைச் சுற்றித் தனிப்பயிற்சி அளித்துக் குடும்பத்தைக் காத்தார். 1916இல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளரானார். தாம் முன்னரே கற்றிருந்த ஜெர்மன் மொழி அங்கே கைகொடுத்தது. போசுடன் இணைந்து, ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

அக்காலத்தில் ஒளியின் அழுத்தம் குறித்து நீண்ட கட்டுரை ஒன்றை எழுதி அமெரிக்க ஆய்விதழுக்கு அனுப்பினார். அச்சுச்செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்க வேண்டும் என்ற நிலை வந்தது. கொடுக்கப் பணமில்லை. முழுக்கட்டுரை அவ்விதழில் வெளிவராமலே போயிற்று.

சூரியன் தந்த புதிர்

சூரியனின் விளிம்பில் உயரமான அடுக்குகளை ஆராய்ந்த வானியலாளர்கள் விந்தையொன்றைக் கண்டனர். எலக்ட்ரான் ஒன்றை இழந்த கால்சியம் அயனிகளின் ஒளிக்கோடுகள், இயல்பான கால்சியத்தின் கோடுகளைவிட மிக உயரத்தில் தென்பட்டன. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க மிகுந்த வெப்பம் வேண்டும். அவ்வாறாயின், மேலே செல்லச் செல்ல அயனிகள் மிகுவது எங்ஙனம்?

1919இல் ஜெர்மானிய அறிஞர் எகர்ட், விண்மீன்களுக்குள் அணுக்கள் வெப்பத்தால் பிரிவதை வேதிவினை போலக் கருதிக் கணக்கிட்டிருந்தார். அக்கட்டுரையைப் படித்த சாகா, ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய அயனியாக்க ஆற்றலின் அளவை அக்கணக்கில் பொருத்தினார். அதிலிருந்து பிறந்ததே சாகா சமன்பாடு. வெப்பநிலை உயர்ந்தால் அயனியாக்கம் பெருகும். அழுத்தம் குறைந்தாலும் அது பெருகும் என்பதே அதன் சிறப்பு. நெருக்கடியான தெருவில் பிரிந்தவர் விரைவில் எதிர்ப்படுவர். பரந்த வெளியில் பிரிந்தவர் மீண்டும் சந்திப்பது அரிது. அதுபோல, அடர்த்தி குறைந்த மேலடுக்கில் பிரிந்த எலக்ட்ரான் அயனியை மீண்டும் சேர்வது அரிதாகிறது. புதிர் அவிழ்ந்தது. 1920இல் இவ்வாய்வு இங்கிலாந்து இதழில் வெளியானபோது சாகாவின் அகவை 27.

ரூபிடியத்தின் கோடுகள் சூரிய ஒளியில் தென்படாமை, அத்தனிமம் அங்கு இன்மையால் அன்று. அது அயனியாகிவிட்டமையால்தான் என்றார். சூரியக் கரும்புள்ளிகள் சற்றே குளிர்ந்தவை ஆதலால் அங்கே அக்கோடுகள் தென்பட வேண்டும் என்றும் முன்கூட்டியே கணித்தார். அமெரிக்க வானியலாளர் ரசல் அவற்றைக் கண்டு உறுதிப்படுத்தினார். விண்மீன்களின் நிறமாலைகள் வேறுபடுவதற்கு அவற்றின் வெப்பநிலையே முதன்மைக் காரணம் என்பதும் விளங்கிற்று. இச்சமன்பாட்டைக் கொண்டே 1925இல் சிசிலியா பெய்ன், விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்னும் பேருண்மையை எட்டினார்.

தெரிந்து தெளிவோம்

மின்வெளியீட்டில் அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்திருக்கும் நிலைக்கு, 1928இல் பிளாஸ்மா எனப் பெயரிட்டவர் அமெரிக்க அறிவியலறிஞர் இர்விங் லாங்மியூர். இன்று பிளாஸ்மாச் சுடர் தடித்த எஃகுத் தகடுகளை அறுக்கிறது. விசையாழி இதழ்களுக்கு வெப்பந்தாங்கும் பூச்சிடுகிறது. கணினிச் சில்லுகளில் நுண்கோடுகளைச் செதுக்கவும் மருத்துவக் கருவிகளை நுண்ணுயிர் நீக்கித் தூய்மை செய்யவும் குறைவெப்பப் பிளாஸ்மா பயன்படுகிறது. வெப்பச் சமநிலையிலுள்ள மின்வில் போன்றவற்றில் எவ்வளவு அயனியாக்கம் நிகழ்ந்துள்ளது என்பதைக் கணிக்க, இன்றும் சாகா சமன்பாடே துணை. குஜராத் மாநிலம் காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனம், அணுக்கரு இணைவு ஆய்வுக்காக ஆதித்யா என்னும் கருவியை இயக்கி வந்தது.

ஆய்வகத்துக்கு வெளியே

லண்டனில் ஃபவுலரின் ஆய்வகத்திலும் பெர்லினில் நெர்ன்ஸ்டின் ஆய்வகத்திலும் பணியாற்றியபின் சாகா தாயகம் திரும்பினார். 1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் பேராசிரியராக விளங்கினார். 1927இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை.

ஆற்று வெள்ளத்தின் துயரை இளமையிலேயே கண்டவர் அவர். 1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்தபோது, அணைகளும் மின்னாக்கமும் இணைந்த ஆற்றுப்பள்ளத்தாக்குத் திட்டத்தை வலியுறுத்தினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது. அவர் முயற்சியால் எழுந்த அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை 1950இல் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்துவைத்தார். அது இன்று சாகாவின் பெயர் தாங்கி நிற்கிறது. 1952இல் சுயேச்சை வேட்பாளராக நின்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகப் பொறுப்பேற்று, நாடெங்கும் வழங்கிய 30 பஞ்சாங்கங்களை ஆராய்ந்தார். அக்குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் மறைந்தார். தொலைநோக்கியோ பெரிய ஆய்வகமோ இன்றி, தாளும் எழுதுகோலும் கொண்டு விண்மீன்களின் வெப்பத்தை அறியும் வழியைக் கண்டவர் அவர். அவர்தம் அறிவு வானை நோக்கியது. உள்ளமோ வெள்ளத்திலும் வறுமையிலும் வாடிய மண்ணின் மக்களையே நோக்கியிருந்தது.

கற்பவை கற்றபின்

1. அழுத்தம் குறையும்போது அயனியாக்கம் மிகுவது ஏன்? அன்றாட வாழ்விலிருந்து வேறோர் உவமை கூறி விளக்குக.

2. உங்கள் ஊரிலுள்ள தொழிற்கூடங்களில் பிளாஸ்மா பயன்படும் இடங்களைக் கண்டறிந்து வகுப்பறையில் எடுத்துரைக்க.

3. அறிவியலறிஞர் ஆய்வகத்தோடு நின்றுவிடலாகாது என்பது குறித்துச் சாகாவின் வாழ்வை முன்வைத்துக் கலந்துரையாடுக.