அபெண்ட்பெர்க் வைத்தியரின் சரித்திரம்

நீலகிரி ஜில்லாவில், கூடலூர் தாலுகாவில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் ஓவேலி. அங்கே விடிந்ததும் கொழுந்து பறிக்கப் புறப்படும் தாய்க்குப் புத்தி வளர்ச்சி குன்றிய மகன் ஒருவன் இருப்பானாயின், பகலில் அவனை யாரிடம் ஒப்புவிப்பது என்பது அவளது அன்றாடக் கவலை. தான் கண் மூடிய பின் அவன் கதி யாது என்பதோ ஆயுட்கவலை. சமவெளியில் எங்கேனும் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டால் கவலை தீருமா? இக்கேள்விக்கு ஸ்விட்ஜர்லாந்து தேசத்து வைத்தியர் ஒருவரின் வாழ்க்கை தெளிவான விடை கூறுகின்றது.

யோஹான் யாகோப் குகன்பியூல் 1816-ம் வருஷம் ஸூரிச் ஏரிக்கரையிலுள்ள மைலன் என்னும் ஊரில் பிறந்தார். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் அக்காலத்தில் கழுத்துக் கழலையும், அதனுடன் உடலும் அறிவும் குன்றிய 'கிரெட்டினிஸம்' என்னும் நோயும் மிகுந்திருந்தன. 1836-ல், இருபது வயது இளைஞராக மலைவழியே நடந்து சென்றபோது, அந்நோயால் வருந்திய ஒருவன் பாதையோரச் சிலுவையின் முன் நின்று ஜபத்தை முணுமுணுப்பதை அவர் கண்டார். அதனை அவனுக்குக் கற்பித்தவள் அவனுடைய ஏழைத் தாயே என்று அறிந்தார். ஒரு தாய் இவ்வளவு கற்பிக்க முடியுமானால், சாஸ்திர முறையில் முயன்றால் எவ்வளவு கற்பிக்கலாம் என்னும் எண்ணம் அன்றே அவருள்ளத்தில் வேரூன்றியது.

வைத்தியப் பட்டம் பெற்றபின் அவர் மலைக்கிராமத்து ஏழைகளுக்கு ஊழியம் செய்தார். 1841-ல், இன்டர்லாக்கன் நகருக்கு மேலே, ஏறக்குறைய 4,000 அடி உயரத்திலுள்ள அபெண்ட்பெர்க் குன்றில் தமது விடுதியைத் திறந்தார். நல்ல காற்று, சத்துள்ள ஆகாரம், ஸ்நானம், தேகப் பயிற்சி, புலன்களுக்கும் ஞாபகத்துக்கும் பேச்சுக்கும் ஒழுங்கான பழக்கம் ஆகியவையே அவருடைய சிகிச்சை. அதுவரை மூலையில் கிடந்தவர்களை மனிதராகக் கருதி அவர் அன்புடன் பேணியது ஐரோப்பாவையே வியக்கச் செய்தது. பிரபுக்களும் பண்டிதர்களும் அம்மலைக்கு யாத்திரை போல் சென்றனர். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய ஸ்தாபனங்கள் தோன்ற அவரது முன்மாதிரி தூண்டுதலாயிற்று.

புகழ் வந்த வழியிலேயே கேடும் வந்தது. நோயைப் பூரணமாகக் குணப்படுத்துவதாக அவர் வாக்களித்துவிட்டார். அதைப் பரப்புவதற்காகத் தேசம் தேசமாகச் சென்று, வருஷத்தில் பல மாதங்கள் விடுதியில் இல்லாதிருந்தார். தமக்குப் பதிலாகத் தகுந்த வைத்தியர் எவரையும் அவர் நியமிக்கவில்லை. 1858-ல் பெர்ன் நகரிலிருந்த பிரிட்டிஷ் ஸ்தானிகர், தம் நாட்டு நோயாளிகளின் நிலையறிய முன்னறிவிப்பின்றி அங்கே சென்றார். தலைவரைக் காணவில்லை, விடுதி சீர்குலைந்து கிடந்தது. பின்னர் நடந்த விசாரணையில் போதிய உணவு, உடை, கணப்பு இல்லை என்பதும், பயிற்சி நின்றுபோனது என்பதும், உள்ளே இருந்தோரின் முன்னேற்றத்தைக் காட்டும் பதிவேடுகள் இல்லை என்பதும் வெளியாயின. இயல்பான அறிவுள்ள பிள்ளைகளைக் குணமானவர்கள் என்று வந்தோருக்குக் காட்டியதும் அம்பலமாயிற்று. விடுதி மூடப்பட்டது. மனமுடைந்த குகன்பியூல் 1863-ல் மான்ட்ரோவில் தமது நாற்பத்தாறாம் வயதில் காலமானார்.

அந்நோய்க்குக் காரணம் அயோடின் குறைவு என்பது பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. 1922 முதல் ஸ்விட்ஜர்லாந்தில் அயோடின் கலந்த உப்பு வழங்கத் தொடங்கியபின் அது மறையலாயிற்று. எனினும் புத்தி வளர்ச்சிக் குறைவுக்குக் காரணங்கள் பல. ஆட்டிசமோ உப்பினால் தடுக்கக்கூடியதன்று. இத்தகையோருக்கு வேண்டியது அற்புத சிகிச்சை அன்று. நாள்தோறும் நல்ல பராமரிப்பு. குகன்பியூல் அதைச் செய்த காலத்தில் உயர்ந்தார். அது போதாதென்று எண்ணி அற்புதத்தை விளம்பரம் செய்த காலத்தில் வீழ்ந்தார். அவருடைய பிழைக்கு விலை கொடுத்தவர்களோ வாய் திறந்து முறையிடவும் அறியாதவர்கள்.

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்க இயலாது. 2001 ஆகஸ்டு 6-ம் தேதி, நமது ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளின் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி வெந்தனர்; 28 உயிர்கள் மாய்ந்தன. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விடுதிகள் பதிவு பெற வேண்டும் என்கிறது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் நன்றே, ஆயினும் அறிவிப்பின்றி வாசலில் போய் நிற்கும் மனிதன் இல்லாவிடில் சட்டம் காகிதமே.

ஆகவே தேசத்தொண்டில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். உங்கள் ஊரிலிருந்து விடுதிக்குச் சென்றவர் எவர், எங்கே இருக்கிறார் என்று கணக்கெடுங்கள். சொல்லாமல் போய்ப் பாருங்கள். அடுப்பையும் படுக்கையையும் பதிவேட்டையும் பாருங்கள். தலைவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஓவேலித் தாய் தன் மகனைக் கண்டுவர ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். பஸ் செலவும் வேறு. அவளுக்காகச் செல்வது நமது கடமை. சுயராஜ்யம் என்பது, தனக்காகப் பேச இயலாதவனுக்கும் ஒரு ராஜ்யம் உண்டென்று காட்டுவதேயாகும்.